புல்லைப் பார்க்கப் போங்கள்

தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "புலி பார்த்தீங்களா?" இல்லை என்றால் கேட்டவர் முகம் வாடிவிடும். "ஐயோ, அவ்வளவு செலவு பண்ணிப் போயும் ஒண்ணுமே பார்க்கலையா?" என்பார். பூங்காவுக்குள்ளும் இதே கதைதான். புலி தென்பட்டதாக ஓர் ஓட்டுநருக்குச் செய்தி வந்ததும் அத்தனை ஜீப்புகளும் ஒரே திருப்பத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நிற்கும். அந்த ஓட்டத்தில் வழியில் நின்ற கடமானையோ, மரக்கிளையில் இறகு உலர்த்திக்கொண்டிருந்த கழுகையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கும் புலி பிடிக்கும். ஆனால் புலி என்பது ஒரு காட்டின் கடைசி வரி. அதற்கு மான் வேண்டும், மானுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீரோ நெருப்போ மாட்டின் வாயோ ஏதோ ஒன்று வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' எது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற பூங்காக்களே என் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. ஊர்ஊராகப் போக நினைப்பவர்களுக்கு என் சிபாரிசும் அவைதான்.

முதலில் இரவிகுளம். மூணாற்றை ஒட்டி, கேரள எல்லைக்குள் இருக்கிறது. 97 சதுர கிலோமீட்டர், 1978இல் தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான். உலகில் வரையாடுகள் அதிகம் வாழும் இடமும் இதுதான். ராஜமலைப் பகுதியில் வனத்துறைப் பேருந்தில் ஏறிப் போனால், சாலையோரப் பாறையில் வரையாடு நம்மைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்து மலைச்சரிவைப் பாருங்கள்.

அங்கே இரண்டே நிறங்கள் தெரியும். சரிவு முழுக்க வெளிறிய புல். மடிப்புகளில், நீர் இறங்கும் இடுக்குகளில் மட்டும் கரும்பச்சையாகக் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி அல்ல இது. மனிதர் கோடாரி எடுப்பதற்கு முன்பிருந்தே, பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் இருந்திருக்கிறது. இந்த உயரத்தில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். திறந்த சரிவில் முளைக்கும் சோலை மரக்கன்று அந்தப் பனியில் கருகிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அந்தப் புல்லும் அடியிலுள்ள மண்ணும் நீரைப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகின்றன.

மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்று நினைத்த ஆங்கிலேய நிர்வாகம், நீலகிரியில் இப்படிப்பட்ட புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டசும் பைனும் நட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. பனிக்கு அஞ்சாத அந்த மரங்கள் பரவிப் புல்லை விழுங்கின. நீலகிரியில் மிஞ்சிய நல்ல புல்வெளியைப் பார்க்க வேண்டும் என்றால் முக்கூர்த்தி தேசியப் பூங்கா இருக்கிறது, 78 சதுர கிலோமீட்டர். அங்கே நினைத்தவுடன் போய் இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கெடுபிடி சரியானது என்பதே என் எண்ணம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு இன்று தேவைப்படுவது வேலியைவிடவும் புல்தான்.

இரவிகுளத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. பூக்கும் வருடம் கூட்டம் அலைமோதும். புல்லைப் பார்க்க அதற்கு முந்தைய வருடங்கள்தான் நல்லவை.

அடுத்து அசாமின் காசிரங்கா. காண்டாமிருகத்துக்குப் பெயர் பெற்ற இடம். 2022 கணக்கெடுப்பில் 2,613 ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள் இங்கே இருந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன்பு மிகச் சொற்பமாக இருந்த இனம் இப்படி மீண்டதில் காவலர்களின் உழைப்பு பெரியது. ஆனால் காசிரங்காவைக் காசிரங்காவாக வைத்திருப்பது பிரம்மபுத்திரா. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறு கரை மீறி உள்ளே வரும். செய்தியில் நாம் பார்ப்பது அதில் மூழ்கி இறக்கும் மான்களை, மேட்டைத் தேடி ஓடும் யானைகளை. அந்த இழப்பு நிஜம்தான். அதே வெள்ளம்தான் ஏரிகளை அடைத்துக்கிடக்கும் ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போகிறது, வண்டலைக் கொண்டுவந்து போடுகிறது, மீன்களை நிரப்புகிறது. வெள்ளமே வராமல் போனால் யானைப்புல் நின்ற இடத்தில் மெல்ல மரங்கள் ஏறிவிடும். புல்லை நம்பி வாழும் காண்டாமிருகத்துக்கும் சதுப்பு மானுக்கும் அங்கே இடம் சுருங்கிவிடும்.

அதனால்தான் வெள்ளத்தைத் தடுப்பது இங்கே பதிலாகாது. விலங்குகள் தப்பித்துப் போகத் தெற்கே கார்பி ஆங்லாங் மலை இருக்கிறது. நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. வெள்ளக்காலத்தில் அந்தச் சாலையில் வாகன வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். மலைக்குப் போகும் வழித்தடங்களில் ஓட்டலும் கட்டடமும் முளைத்தால் பூங்காவுக்குள் எத்தனை காவலர் இருந்தும் பயன் இல்லை. தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பது நம் கையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். நான் பிப்ரவரி, மார்ச்சைத்தான் சொல்வேன். குளிர்காலத்தில் வனத்துறையே உயரமான புல்லை எரித்துவிடுவதால் அப்போது இளம் தளிர் வந்திருக்கும். பார்வைக்கும் மறைப்பு இருக்காது.

இந்தியாவில் ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால், கொஞ்சமும் யோசிக்காமல் ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் என்பேன். 29 சதுர கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. புலி கிடையாது, ஜீப் கிடையாது. சைக்கிளில் போகலாம், சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம், நடந்தும் போகலாம். பறவைகளுக்காகத்தான் போகிறோம். மழை முடிந்ததும் மஞ்சள் மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டும். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வரும்.

இந்த ஈரநிலம் மனிதர் செய்தது. பரத்பூர் மன்னர்கள் அணை கட்டி நீர் தேக்கினார்கள், பின்னால் வாத்து வேட்டைக்காகவே அதைப் பராமரித்தார்கள். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அந்த எண்ணைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள், பூங்காவுக்குள்ளேயே நின்று படிக்கலாம். அந்தக் கல்லின் முன்னால் நிற்பது மனத்துக்குக் கஷ்டமான அனுபவம்தான், ஆனால் தவிர்க்கக் கூடாதது.

1982இல் தேசியப் பூங்கா என்று அறிவித்ததும், சுற்றுக் கிராமத்து மாடுகளும் எருமைகளும் உள்ளே மேயக் கூடாது என்று தடை வந்தது. பறவையியலாளர் சாலிம் அலி உட்படப் பலர் அந்தத் தடையை ஆதரித்தார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். எருமைகள் தின்றுகொண்டிருந்த ஒருவகை நீர்ப்புல் தடையில்லாமல் வளர்ந்து தண்ணீரின் முகத்தையே மூடிவிட்டது. மீன்கள் குறைந்தன, திறந்த நீர் தேடும் பறவைகளுக்கு இடமில்லாமல் போனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டு காலம் ஆய்வு செய்து, எருமை மேய்ச்சல் இந்த ஈரநிலத்துக்கு நன்மையே செய்துகொண்டிருந்தது என்று சொன்னது. சாலிம் அலியின் வழிகாட்டலில் வளர்ந்த நிறுவனம் அது. தன் பக்கத்து நம்பிக்கைக்கு எதிராக வந்த முடிவை அது மறைக்காமல் எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். 2002க்குப் பிறகு சைபீரியக் கொக்கு இங்கே வரவில்லை. அதற்குக் காரணம் இந்தப் புல் மட்டுமல்ல, அவை வரும் வழியெங்கும் நடந்த வேட்டையும் சேர்ந்தது.

மணிப்பூரின் கெய்புல் லம்ஜாவ் பற்றிச் சொல்லாமல் இந்தியாவை விட்டு நகர மனமில்லை. லோக்டாக் ஏரியில் மிதக்கும் பூங்கா அது. வேரும் மட்கிய தாவரமும் மண்ணும் பின்னிய 'பும்டி' என்ற மிதக்கும் படுகையின் மேல்தான் சங்காய் மான் நடமாடுகிறது. அந்தப் படுகையின் பெரும்பகுதி நீருக்கு அடியில்தான் இருக்கும். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சங்காய், 1975இல் வானிலிருந்து எண்ணியபோது 14 இருந்தது. 2016இல் 260. எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் காலடி நிலம் மெலிகிறது. முன்பெல்லாம் வறட்சியில் ஏரி வற்றும்போது பும்டி தரைதட்டி, அடிமண்ணிலிருந்து சத்தை உறிஞ்சித் தடிக்கும். 1983இல் வந்த இத்தாய் தடுப்பணை, மின் உற்பத்திக்காக ஆண்டு முழுக்க நீரை உயர்த்தியே வைத்திருக்கிறது. பும்டி தரையைத் தொடுவதே அரிதாகிவிட்டது. தடித்த படுகைதான் மானின் எடையைத் தாங்கும். மணிப்பூரில் 2023 முதல் நிலவும் பதற்றத்தால், கிளம்பும் முன் அங்கே இருப்பவர்களிடம் நிலைமையை விசாரித்துக்கொள்வது நல்லது.

வெளிநாடு என்றதும் பலருக்கு ஆப்பிரிக்காதான் நினைவுக்கு வரும். அதற்கு முன் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. சிறுத்தைக்கு யால, வில்பத்து என்று எல்லோரும் சொல்வார்கள், அவை நல்ல இடங்கள்தான். என் தேர்வு மின்னேரியா. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பு மகாசேன மன்னன் வெட்டிய குளம் அது. ஆகஸ்ட், செப்டம்பர் வறட்சியில் குளத்து நீர் பின்வாங்க, ஈரமான தரையில் இளம்புல் முளைக்கும். அதற்காகச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் வந்து கூடும், ஒரே மாலையில் இருநூறுக்கும் மேல்கூட. நெல்லுக்காக வெட்டிய குளம் ஆசிய யானைகளின் பெருங்கூட்டத்துக்கும் சோறு போடுகிறது. வறட்சியிலும் குளத்தை நிரப்பி வைத்தால் புல் முளைக்க இடமிருக்காது. எனவே நீரைத் திறந்துவிடும் பொறியாளரின் முடிவில்தான் அந்தக் கூட்டமே இருக்கிறது.

செரெங்கெட்டிக்கு வருகிறேன். தான்சானியா, 14,763 சதுர கிலோமீட்டர், 1951இல் உருவானது. மாடு போலத் தோன்றும் மானினமான வில்டபீஸ்ட்டுகள், சுமார் 13 லட்சம், மழையைத் தொடர்ந்து வட்டமாக இடம்பெயர்வதைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. ஜூலைக்குப் பிறகு மாரா ஆற்றை அவை கடப்பதும் முதலைகள் காத்திருப்பதும்தான் எல்லோரும் விரும்பும் காட்சி. கரையில் வண்டிகள் முண்டியடிக்கும். எனக்குப் பிடித்தது தெற்குச் சமவெளியில் பிப்ரவரி. எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. அடியில் இறுகிய தட்டு இருப்பதால் மரம் வேர்விட முடியாது, குட்டைப் புல் மட்டும் வளரும். அந்தப் புல்லில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் மிகுதி. பால் கொடுக்கும் தாய்க்குத் தேவையானது அதுதான். அதனால் அத்தனை கூட்டமும் குட்டி போட அங்கே வருகிறது. பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நடக்கப் பழகும். ஒரே சமயத்தில் அவ்வளவு குட்டிகள் இருப்பதால் கழுதைப்புலியும் சிங்கமும் எவ்வளவு தின்றாலும் மீதி தப்பிவிடும்.

இந்த 13 லட்சம் எப்போதும் இருந்த எண் அல்ல. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தன. காரணம் ரிண்டர்பெஸ்ட், நம் மாட்டுக்காரர்கள் வெக்கை நோய் என்பார்களே, அதேதான். சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டுக்குள் போன தொற்று நின்றது. வில்டபீஸ்ட் பெருகியது. பெருகிய கூட்டம் புல்லைத் தின்று தீர்த்ததால் வறட்சியில் எரிய எதுவும் மிஞ்சவில்லை. காட்டுத்தீ குறைந்தது, தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தலை தூக்கின. பூங்காவுக்கு வெளியே மாட்டுக்குப் போட்ட ஊசி, பூங்காவுக்குள் மரம் வளர்த்திருக்கிறது. 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் வந்தது, தேசியப் பூங்கா என்ற எண்ணமே அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. கொதிநீர் ஊற்றுகளுக்காக மட்டும்கூடப் போகலாம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் ஓரங்களில் தெரியும் மஞ்சளும் ஆரஞ்சும் வெந்நீரில் வாழும் நுண்ணுயிரிகளின் நிறம். 1960களில் இங்குள்ள வெந்நீரில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதிதான் பிறகு பிசிஆர் சோதனைக்கு உதவியது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையின் வேர் இந்தப் பூங்காவின் வெந்நீரில் இருக்கிறது.

ஓநாய்க் கதையை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1926வாக்கில் கடைசி ஓநாய்களும் கொல்லப்பட்டன. 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில ஓடைக்கரைகளில் வில்லோ மரங்கள் மறுபடி தழைத்தன. 'ஓநாய் வந்தது, ஆறே திசை மாறியது' என்று இணையத்தில் சுற்றும் கதை அளவுக்கு அது எளிதல்ல. ஓநாய் இல்லாத காலத்தில் நீர்நாய்போல் தோன்றும் பீவர்களும் போய்விட்டன. அவை கட்டிய அணைகள் இல்லாமல் ஓடைகள் ஆழமாக அரித்துக்கொண்டு போய், கரையில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடங்களில் ஓநாய் திரும்பியும் வில்லோ திரும்பவில்லை. ஒன்றை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாமே பழையபடி ஆகிவிடாது என்பதை லாமர் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் நின்று நேரிலேயே பார்க்கலாம். ஓநாய்க்கும் கரடிக்கும் 91 மீட்டர், மற்ற பெரும்பாலான விலங்குகளுக்கு 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. அதை மீறிக் காட்டெருமையை நெருங்கிப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் குரூகரில் ஒரு வசதி உண்டு: சொந்தமாகவோ வாடகைக்கோ கார் எடுத்துக்கொண்டு நாமே ஓட்டிப் போகலாம். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது, வண்டியை விட்டு இறங்கக் கூடாது, வாயில் மூடும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நீர்நிலை அருகே இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருக்கலாம், அவசரப்படுத்த யாரும் இல்லை. மலேசியாவின் தாமன் நெகாரா இதற்கு நேர் எதிர். அடர்ந்த மழைக்காட்டில் விலங்கு கண்ணில் படுவது அபூர்வம், காதால்தான் காட்டை அறிய வேண்டும். அட்டைக்கடி நிச்சயம்.

இந்தப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் முன்பு மனிதர்கள் வாழ்ந்தார்கள். செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்களை 1959இல் வெளியேற்றினார்கள். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில் பாராசிங்கா மான்கள் மேயும் அழகான புல்வெளிகள் பல, இடம்பெயர்க்கப்பட்ட கிராமங்களின் பழைய வயல்கள். 1970இல் 66 ஆகச் சுருங்கிய அந்த மானினம் மீண்டதில் அந்த வயல்களுக்குப் பங்கு உண்டு. பைகா பழங்குடி மக்கள் கொடுத்த விலை அது. அங்கே ஜீப்பில் போகும்போது 'இந்த இடத்துக்கு முன்பு என்ன பெயர்?' என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பல நேரம் அவரே அந்தக் கிராமத்து வாரிசாக இருப்பார்.

வெளியேற்றாமலும் செய்ய முடியும் என்பதற்குத் தேக்கடியில் ஓர் உதாரணம் இருக்கிறது. பெரியாறு காட்டுக்குள் புகுந்து வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் மேல் வழக்கு மேல் வழக்காகப் போட்ட வனத்துறை, 1990களின் இறுதியில் அவர்களையே கூப்பிட்டு வேலை கொடுத்தது. காட்டின் ஒவ்வொரு வழியும் தெரிந்தவர்கள் அவர்கள். இன்று அவர்கள் காட்டைக் காவல் காக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுக்குள் கூடாரத்தில் தங்கவும் வைக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். யானை எந்த மரத்தில் முதுகு தேய்த்தது, செந்நாய் எப்போது கடந்தது, எந்தப் புல்லைக் காட்டுமாடு தேடித் தின்னும் என்று நடந்துகொண்டே சொல்வார்கள். பெரிய கேமரா வேண்டாம், நல்ல செருப்புக்குப் பதில் நல்ல ஷூவும் அட்டைக்கான காலுறையும் போதும்.